அளந்தறிந்த அம்மையார்: ரோசலிண்ட் பிராங்க்ளின்

மனித இனம் நோய்களோடு நடத்திவரும் போர்களுள் புற்றுநோயோடு நடத்தும் போர் நெடியது, கடியது. நெடுங்காலம் மருத்துவர்கள் இந்நோயை அது தோன்றும் உறுப்பின் பெயராலேயே அறிந்தனர். நுரையீரல் புற்று, மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று என வகுத்தனர். ஓர் உறுப்பில் தோன்றிய நோய்க்கெல்லாம் ஏறத்தாழ ஒரே வகை மருத்துவம் செய்தனர். ஒருவர் பிழைத்தார், அதே மருந்தை உண்ட மற்றொருவர் மாண்டார். காரணம் விளங்கவில்லை.

இன்று அந்நிலை மாறிவருகிறது. கட்டியிலிருந்து எடுத்த சிறு துணுக்கில் உள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே முறையில் படித்து, எங்கே பிழை நேர்ந்துள்ளது என்று கண்டு, அப்பிழைக்கு ஏற்ற மருந்தைத் தேடுகின்றனர். பரந்த மூலக்கூற்று ஆய்வு எனப்படும் இம்முறை படிக்கும் ஏடு, டி.என்.ஏ. என்னும் மூலக்கூறே ஆகும். அம்மூலக்கூற்றின் வடிவை உலகம் அறியக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர் ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார். அவரே சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகி 37ஆம் அகவையில் மறைந்தார் என்பது அறிவியல் வரலாற்றின் துயர் மிகுந்த முரண். அளந்தறியாமல் முடிவு கூறலாகாது என்பதை நோன்பாகக் கொண்டவர் அவர். அவர்தம் வாழ்வையும், அந்நோன்பு இன்றைய புற்றுநோய் மருத்துவத்தில் பலித்துவரும் பாங்கினையும் ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ரோசலிண்ட் 1920ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் இலண்டன் மாநகரின் நாட்டிங் ஹில் பகுதியில் பிறந்தார். தந்தையார் எல்லிஸ் பிராங்க்ளின், தாயார் மூரியல். ஐந்து மக்களுள் இரண்டாமவர் ரோசலிண்ட். குடும்பம் செல்வ வளம் மிக்க யூதக் குடும்பம். வங்கித் தொழிலில் பெயர் பெற்றது. ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி சமுதாயத்திற்கு உரியது என்னும் கொள்கை அவ்வீட்டில் வேரூன்றியிருந்தது. தந்தையார் உழைக்கும் மக்களுக்கான கல்லூரி ஒன்றில் ஊதியமின்றிப் பாடம் கற்பித்து வந்தார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த அகதிகளுக்கு அக்குடும்பத்தார் புகலிடம் தேடித் தந்தனர்.

தூய பவுல் பெண்கள் பள்ளியில் அவர் பயின்றார். பெண்களுக்கு இயற்பியலும் வேதியியலும் முறையாகக் கற்பித்த பள்ளிகள் அரிதாயிருந்த காலத்தில், அப்பள்ளி அவற்றைக் கற்பித்தது. இளமையிலேயே தாம் ஓர் அறிவியலாராக வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். பள்ளி இறுதியில் அவருக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தபோது, அதனை அகதி மாணவர் ஒருவருக்கு வழங்குமாறு தந்தையார் வேண்டிக்கொண்டார்.

1938இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து, 1941இல் இறுதித் தேர்வை முடித்தார். அந்நாளில் அங்குப் பெண்கள் தேர்வு எழுதலாம், வெற்றியும் பெறலாம், ஆயினும் ஆடவர்க்குரிய முழுப் பட்டம் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 1948இல்தான் அந்த உரிமை நடைமுறைக்கு வந்தது. கல்வியில் முதிர்ந்த நாடு என்று பெயர் பெற்ற இங்கிலாந்திலும் பெண்கல்வி போராடியே இடம் பெற்றது என்பதை நம் மாணவியர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கரியில் தொடங்கிய ஆய்வு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942இல் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுக் கழகத்தில் அவர் பணியேற்றார். பகலில் ஆய்வு, இரவில் வான்தாக்குதல் எச்சரிக்கைத் தொண்டு. நிலக்கரியினுள் உள்ள நுண்துளைகளை அவர் ஆராய்ந்தார். ஹீலியம் முதலியவற்றை உட்செலுத்தி அத்துளைகளின் அளவைக் கணித்தார். அத்துளைகளின் வாயில்கள் மூலக்கூற்று அளவே கொண்டவை என்றும், ஆதலின் நிலக்கரி சிறிய மூலக்கூறுகளை உள்ளே விட்டுப் பெரியவற்றைத் தடுக்கும் சல்லடை போன்றது என்றும் விளக்கினார். இவ்வாய்வுக்காக 1945இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

1947இல் பாரிஸ் சென்றார். ஜாக் மெரிங் என்பாரிடம் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையைக் கற்றுத் தேர்ந்தார். ஒரு பொருளின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அப்பொருளில் அணுக்கள் அமைந்துள்ள ஒழுங்கிற்கேற்பக் கதிர்கள் சிதறி, ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பதியும். அப்புள்ளிகளின் இடைவெளியையும் கருமையையும் அளந்து, கண்ணுக்குத் தோன்றாத அணுக்களின் அமைப்பைக் கணக்கிட்டு அறியலாம். நிழலை அளந்து உருவத்தை அறிவது போன்ற கலை இது. சூடேற்றினால் சில கரிகள் கிராபைட்டாக மாறுகின்றன, வேறு சில மாறுவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை இம்முறையால் கண்டு 1951இல் வெளியிட்டார். பாரிசில் கழித்த அந்நாள்களே தம் வாழ்வின் இனிய நாள்கள் என்று அவர் கருதினார்.

கிங்ஸ் கல்லூரியில்

1951 சனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். துறைத் தலைவர் ஜான் ரேண்டல், டி.என்.ஏ. இழைகளை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். அதே பொருளில் முன்னரே ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்ஸ் அவ்வேளை விடுமுறையில் இருந்தார். எக்ஸ் கதிர் ஆய்வு பிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங் என்னும் மாணவரும் மட்டுமே செய்வது என்று பிராங்க்ளினுக்கு எழுதிய ரேண்டல், அதனை வில்கின்சுக்குத் தெளிவாகக் கூறவில்லை. வில்கின்ஸ் அவரைத் தம் உதவியாளராக எண்ணினார்; அவரோ தம்மைத் தனித்த ஆய்வாளராகவே அறிந்திருந்தார். தலைவர் ஒருவர் இருவரிடமும் ஒன்றையே கூறாமையால் விளைந்த கசப்பு, இருவரும் கலந்து பணியாற்ற இயலாத நிலையை உண்டாக்கிற்று.

ஆயினும் ஆய்வு தளரவில்லை. இழையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை அம்மையார் வகுத்தார். அதன் பயனாக டி.என்.ஏ. இரு வடிவங்களில் உள்ளது என்பது புலனாயிற்று. ஈரம் குறைந்தபோது ஒன்று. ஈரம் மிகுந்தபோது நீண்டு மெலிந்த மற்றொன்று. இவற்றை ஏ வடிவம், பி வடிவம் என்றனர். அதற்கு முன் எடுத்த படங்கள் தெளிவின்றி இருந்ததற்கு இரு வடிவங்களும் கலந்திருந்தமையே காரணம் என்று விளங்கிற்று.

1951 நவம்பரில் அவர் நிகழ்த்திய ஆய்வுரையைக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஜேம்ஸ் வாட்சன் கேட்டார், ஆனால் குறிப்பெடுக்கவில்லை. கேட்டதை நினைவிற் கொண்டு அவரும் பிரான்சிஸ் கிரிக்கும் மூன்று இழைகள் கொண்ட உருமாதிரி ஒன்றை அமைத்து, கிங்ஸ் கல்லூரியாரை அழைத்துக் காட்டினர். பாஸ்பேட்டுப் பகுதிகள் அதில் உட்புறம் வைக்கப்பட்டிருந்தன. நீரின் அளவும் மிகக் குறைத்துக் கொள்ளப்பட்டிருந்தது. மூலக்கூறு இவ்வளவு நீரை ஏற்க வேண்டுமாயின் பாஸ்பேட்டுகள் வெளிப்புறத்திலேயே இருத்தல் வேண்டும் என்று பிராங்க்ளின் எடுத்துக்காட்டினார். உருமாதிரி வீழ்ந்தது. முதலில் உருவம் சமைத்துப் பின்னர்ச் சான்று தேடும் வழியை அவர் ஏற்கவில்லை. அளவுகள் முழுமையாகக் கிடைத்த பின், அவையே வடிவைக் கூறட்டும் என்பது அவர்தம் நெறி.

51ஆம் ஒளிப்படம்

1952 மே திங்களில் அவர்தம் மேற்பார்வையில் காஸ்லிங் எடுத்த படம் 51ஆம் ஒளிப்படம் என்று புகழ்பெற்றது. 60 மணி நேரத்திற்கு மேலாக மெல்லிய இழை ஒன்றின்மீது கதிரைச் செலுத்திப் பதித்த படம் அது. நடுவில் பெருக்கற்குறி போல் கரும்புள்ளிகள் அமைந்திருந்தன. பெருக்கற்குறி வடிவம் சுருள் அமைப்பைக் குறிக்கும். புள்ளி வரிசைகளின் இடைவெளி, சுருளின் ஒரு சுற்று 34 ஆங்ஸ்ட்ராம் என்றும், படிகளின் இடைவெளி 3.4 ஆங்ஸ்ட்ராம் என்றும் காட்டும்.

அம்மையார் ஏ வடிவின் கணக்குகளை முடித்தபின் பி வடிவிற்கு வர எண்ணியிருந்தார். இதற்கிடையில் 1953 சனவரி இறுதியில் வில்கின்ஸ் அப்படத்தை வாட்சனுக்குக் காட்டினார். கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு அறிக்கை ஒன்றும் மேக்ஸ் பெரூட்ஸ் வழியாகக் கேம்பிரிட்ஜை அடைந்தது. அதிலிருந்த பிராங்க்ளினின் அளவுகளிலிருந்து, இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதைக் கிரிக் உய்த்துணர்ந்தார். காரங்கள் இணையிணையாய்ப் பொருந்தும் முறையை வாட்சன் கண்டார். இரட்டைச் சுருள் உருவாயிற்று. 1953 ஏப்ரல் 25ஆம் நாளிட்ட நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது வாட்சன், கிரிக் எழுதியது. இரண்டாவது வில்கின்சும் துணைவரும் எழுதியது. மூன்றாவது பிராங்க்ளினும் காஸ்லிங்கும் எழுதியது. அடித்தளமாக நின்ற அளவுகள், பிறர் கண்டதை உறுதிப்படுத்தும் துணைச் சான்று போலத் தோன்றும்படி இறுதியில் இடம்பெற்றன.

காரங்கள் இணையும் இறுதிப் படியை அம்மையார் காணவில்லை என்பது உண்மை. இரு இழைச் சுருள் என்னும் முடிவிற்குத் தாமே வந்து, தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார் என்பதும் உண்மையே. 2023இல் மாத்யூ காப், நத்தானியேல் கம்ஃபர்ட் என்னும் வரலாற்றாய்வாளர்கள் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, அவர் ஒரு படத்தைப் பறிகொடுத்த ஏமாளி அல்லர், நால்வருள் ஒருவராகச் சம பங்காற்றியவர் என்று எழுதினர். அவருக்கு உரிய மதிப்பு இரக்கத்தால் வருவதன்று, உழைப்பால் வருவது.

வைரசு ஆய்வும் நோயும்

1953 மார்ச்சில் இலண்டன் பர்க்பெக் கல்லூரிக்கு மாறினார். பெர்னால் தலைமையில் இயங்கிய அவ்வாய்வகம் பழைய வீடொன்றில் இருந்தது. மேல்மாடியில் அவரது அறை, நிலவறையில் எக்ஸ் கதிர்க் கருவி. அங்கே புகையிலைப் பல்வண்ண நோயை விளைவிக்கும் வைரசை ஆராய்ந்தார். 1954 முதல் ஆரன் க்ளுக் அவருடன் இணைந்தார். அவ்வைரசு உட்புறம் வெற்றிடம் கொண்ட குழல் என்பதும், அதன் ஆர்.என்.ஏ. இழை புரதங்களினூடே சுருளாகப் பதிந்துள்ளது என்பதும் தெளிவாயின.

1956ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கப் பயணத்தின்போது அவர் வயிற்றில் வீக்கமும் வலியும் கண்டார். இலண்டன் திரும்பியதும் அறுவை செய்யப்பட்டது. வயிற்றில் இரு கட்டிகள் இருந்தன. சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவையும், அந்நாளில் தொடக்க நிலையிலிருந்த மருந்து முறையும் அளிக்கப்பட்டன. நோய் தணிந்த இடைவேளைகளில் அவர் ஆய்வகத்திற்கே திரும்பினார். 1956இல் அவர்தம் குழுவினர் 7 கட்டுரைகளும், 1957இல் 6 கட்டுரைகளும் வெளியிட்டனர். உடல்நலம் தேறும் நாள்களில் கிரிக் இல்லத்திலும் தங்கினார். முன்பு போட்டியாளராய் நின்றவரிடம் பகை பாராட்டாத பெருந்தன்மை அது. இளம்பிள்ளை வாதத்திற்குக் காரணமான போலியோ வைரசின் ஆய்வையும் தொடங்கினார்.

1958 ஏப்ரல் 16ஆம் நாள் இலண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். மறுநாள் பிரசெல்ஸ் நகரில் உலகக் கண்காட்சி திறக்கப்பட்டது. அதில் அவர் முயன்று அமைத்த வைரசு உருமாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. போலியோ ஆய்வைத் துணைவர்கள் முடித்து, 1959இல் அவர்தம் நினைவுக்குப் படைத்தனர். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. க்ளுக் 1982இல் அப்பரிசைப் பெற்றார்.

ஏடு படிக்கப்பட்ட கதை

வடிவம் தெரிந்தது, எழுத்துகளைப் படிக்கும் வழி தெரிய வேண்டியிருந்தது. 1977இல் பிரடெரிக் சாங்கர் டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் சிறந்த முறையை வெளியிட்டார். 1990இல் தொடங்கிய மனித மரபணுத்தொகுதித் திட்டம் 2003இல் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. 1990இல் மேரி கிளேர் கிங் அம்மையார், குடும்பங்களில் மரபுவழி வரும் மார்பகப் புற்றுக்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது என்று காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 எனப்படும் அது 1994இல் பிரித்தறியப்பட்டது. அதன் இணையான இரண்டாவது மரபணு 1995இல் அறியப்பட்டது. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒருங்கே அறுந்தால் அதனைச் செப்பனிடுவது இவ்விரு மரபணுக்களின் பணி. இவை பழுதுபட்டால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்று தோன்றும் வாய்ப்பு பன்மடங்கு பெருகும்.

2011இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டத்தார், சினைப்பைப் புற்றுள் மிகுதியாகக் காணப்படும் கடுமையான வகையைச் சேர்ந்த 489 கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். டி.பி. 53 என்னும் காவல் மரபணு ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும் பழுதுற்றிருந்தது. அறுந்த இழையைச் செப்பனிடும் அமைப்பு ஏறத்தாழப் பாதிக் கட்டிகளில் குறைபட்டிருந்தது. இக்குறையே மருத்துவர்க்கு வழி காட்டிற்று. செப்பனிடும் வழிகளுள் ஒன்று முன்னரே அடைபட்ட உயிரணுவில் மற்றொன்றையும் மருந்தால் அடைத்தால், அவ்வுயிரணு மாளும்; நலமான உயிரணு பிழைக்கும். 2005இல் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்ட இக்கருத்தின் வழி வந்த ஓலாபரிப் என்னும் மருந்து, 2014இல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது.

பரந்த மூலக்கூற்று ஆய்வு நடைபெறும் முறை இது. கட்டியின் துணுக்கைப் பார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதிவர். அதிலிருந்து சீவிய மெல்லிய ஏடுகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டுகளாக்கி, எண்ணற்ற துண்டுகளை ஒரே வேளையில் படிக்கும் கருவியில் இடுவர். எழுத்து மாற்றம், எழுத்து இழப்பு, ஒரு மரபணு அளவுக்கு மீறிப் பெருகுதல், இரு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்ளுதல் ஆகிய பிழைகளைக் கணிப்பொறி பிரித்துக் காட்டும். 2017இல் 324 மரபணுக்களைப் படிக்கும் ஆய்வு ஒன்றுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில், எந்த உறுப்பில் தோன்றிய கட்டி என்று பாராமல், அதன் மூலக்கூற்று அடையாளத்தை மட்டுமே கொண்டு மருந்து ஒன்று முதன்முறையாக ஒப்புதல் பெற்றது. 2020இல் இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைப் பரவலாகப் படிக்கும் ஆய்வுகளும் ஒப்புதல் பெற்றன.

இம்முறையை மந்திரமென்று மயங்குதல் கூடாது. பிழை தெரிந்தும் அதற்கேற்ற மருந்து இல்லாத நோயாளிகள் பலர் உளர். மருந்து கிடைத்தவர்க்கும் கட்டி மாறிக்கொண்டு மருந்தை வெல்வதுண்டு. செலவு ஏழை எளியோர்க்கு எட்டாததாய் உள்ளது. மரபுவழிப் பிழை ஒன்று புலப்பட்டால் அச்செய்தி நோயாளியோடு நில்லாது, உடன்பிறந்தாரையும் மக்களையும் சேரும். அதனைப் பக்குவமாக எடுத்துரைக்கும் ஆற்றுப்படுத்துநர் தேவை. இவற்றையெல்லாம் அறிந்தே இவ்வாய்வை நாடுதல் அறிவுடைமை.

இங்கு ஒரு வினா எழும். பிராங்க்ளின் பிறந்த அஷ்கெனாசி யூத மரபினருள் ஏறத்தாழ 40 பேரில் ஒருவர் மேற்கூறிய இரு மரபணுக்களுள் ஒன்றில் பிழை உடையவர். அவ்வாறாயின் அவரது நோய்க்கும் அதுவே காரணமாகலாமோ என்று சிலர் வினவுவர். அவர் நோயுற்றபோது அம்மரபணுக்களின் பெயரும் உலகில் இல்லை. அவர்தம் கட்டியைப் படித்தாரும் இல்லை. மரபினரின் கணக்கு தனி ஒருவரின் அளவு ஆகாது. படிக்காத ஏட்டிலிருந்து பொருள் கூறுவதை அவர் வாழ்நாளில் ஏற்றதில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதும் நாம் அதனைச் செய்யாதிருத்தலே அவருக்குச் செய்யும் மரியாதை.

நிறைவுரை

நோயாளி ஒருவரின் கட்டியைப் படித்தபின் மருந்து தேரும் மருத்துவர், பிராங்க்ளின் அம்மையார் நடந்த வழியிலேயே நடக்கின்றார். முதலில் அளவு, பின்னர் முடிவு என்பதே அவ்வழி. அந்நெறி அவருக்குப் புகழை விரைந்து தரவில்லை. விரைந்து ஓடியவர்கள் முந்திக்கொண்டனர். ஆயினும் அவர் அளந்த அளவுகள் பொய்க்கவில்லை. அவர் காண இயலாத மருந்துகள், அவர் வடிவறிந்த மூலக்கூற்றைப் படித்ததால் பிறந்து, அவரைக் கொண்ட நோயினின்றும் இன்று சில பெண்களின் வாழ்நாளை நீட்டித்துத் தருகின்றன.

மாணவ மாணவியர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. சான்று வரும்வரை பொறுத்தல் ஒன்று; பிறர் உழைப்பின் பயனைக் கொள்ளும்போது அவர் பெயரை மறவாமல் உரைத்தல் மற்றொன்று. முன்னது அறிவின் ஒழுக்கம். பின்னது நன்றியின் ஒழுக்கம். இரண்டும் கூடிய இடத்திலேயே கல்வி நிறைவு பெறும்.